கள்ளிலிருந்து சாராயம் வரை

தென்னஞ்சாராயத்தின் தரம் வடிசாலைக்குள் வருவதற்கு முன்பே பாதிக்கு மேல் தீர்மானமாகிவிடுகிறது. நிலத்திலிருந்து ஐம்பது அடி உயரத்தில் பாளை சீவுகிறவரின் கத்தியிலும், சீவிய பின் வரும் சில மணி நேரங்களிலும் அது தங்கியிருக்கிறது. ஆய்வுகூடத்தில் இளம் இரசாயனவியலாளனாகச் சேர்ந்து, பிறகு கலவை அறைக்குப் போய், அங்கேயே தலை நரைத்து ஓய்வுபெற்றவன் நான். மரம் தந்ததைக் கெடுக்காமல் போத்தல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் தொழில் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பிறந்தது கொட்டாஞ்சேனையில். கல்யாணத்துக்குப் பிறகு நுகேகொடையில் வீடு. இரண்டு இடத்திலும் என் வேலையைப் பற்றி அம்மா அயலவரிடம் அதிகம் கதைத்ததில்லை. "மகன் கொம்பனியில் கெமிஸ்ட்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. சம்பள நாள் இரவுகளில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குடி குடும்பத்தைத் தின்னும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் நாடு அனுமதித்து, வரி வாங்கி, கடையில் வைத்து விற்கிற ஒரு பண்டம் ஒழுங்காகச் செய்யப்பட வேண்டும். வாங்குகிறவருக்குத் தான் குடிப்பது என்னவென்று தெரிய வேண்டும். கசிப்பும் செயற்கைக் கள்ளும் ஓடுகிற நாட்டில் இது சின்ன விடயம் அல்ல.

வேலையில் சேர்ந்ததும் என்னை முதலில் அனுப்பியது தோட்டத்துக்குத்தான். "மரத்தடியில் நிற்காதவன் கள்ளைப் பற்றி அறிக்கை எழுதக் கூடாது" என்பது எங்கள் மூத்த கலவையாளரின் சட்டம். பிற்காலத்தில் நானாகவே போய்க்கொண்டிருந்தேன். நுகேகொடையில் இருட்டோடு வானில் ஏறினால் கொஹுவலை, தெஹிவளை வழியாகக் காலி வீதியைப் பிடித்து, பாணந்துறைப் பாலம் தாண்டும்போது கிழக்கு வெளுக்கும். வாத்துவையிலிருந்து களுத்துறை, பயாகலை, மக்கொனை வரை கடலோரத் தென்னைகளை இணைத்துக்கொண்டு உச்சியில் கயிறுகள் ஓடுவது காலி வீதியில் போகிற எவர் கண்ணுக்கும் படும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு தும்புக் கயிறுகள். கீழ்க் கயிற்றில் பாதம், மேல் கயிற்றில் கை. ஒரு மரத்தில் ஏறியவர் நிலத்தைத் தொடாமலே தோப்பின் பெரும் பகுதியைச் சுற்றி வந்துவிடுவார். கள் நிறைந்த குடுவையைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார். அடியில் ஒருவர் வாங்கிப் பீப்பாவில் ஊற்றுவார்.

வெயிலும் மழையும் உப்புக்காற்றும் தும்பைத் தின்றுவிடும். கயிற்றை மாற்ற வேண்டிய நாள் எது என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. பாதம் சொல்ல வேண்டும்.

மக்கொனையில் ஒரு மூத்த தொழிலாளி இருந்தார். சிங்களவர். நான் அவரை "மாமே" என்பேன். அவருடைய கடைசி மகனைவிட நான் இளையவன் என்றாலும் அவர் என்னை "மாத்தயா" என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் விரியாத பாளை ஒன்றை எனக்காகவே வெட்டிக் கீழே கொண்டுவந்து, மடியில் வைத்துக்கொண்டு காட்டினார். பாளை வெடிக்கப் போகிற பருவத்துக்குச் சற்று முன்னதாக அதைப் பிடிக்க வேண்டும். பிந்தினால் விரிந்துவிடும், முந்தினால் நீர் வராது. விரியாதபடி அடியிலிருந்து நுனி வரை நெருக்கமாகக் கயிறு சுற்றுவார்கள். பிறகு நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கட்டையால் பாளையின் எல்லாப் பக்கமும் தட்டுவார்கள். அவருடைய கட்டை கருங்காலி. கைபட்டுப் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

"அடிக்கிறதில்லை மாத்தயா, தட்டுறது. பால் குடிச்ச பிள்ளையின் முதுகைத் தட்டுற மாதிரி. தோல் வெடிச்சால் பாளை செத்தது."

பிறகு பாளையை என் காதருகே வைத்துத் தட்டிக் காட்டினார். இறுகிய இடம் ஒரு சத்தம், தளர்ந்த இடம் வேறு சத்தம். தளர்ந்த இடத்தில் உள்ளே பூக்களின் இழையம் நசுங்கி, சாறு நுனியை நோக்கிப் போகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். நாளும் பொழுதும் சீவித் தட்டி, பாளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கி வளைத்துக்கொண்டு வந்தால், இரண்டு மூன்று வாரங்களில் நுனியில் துளி கட்டும். அதன் பிறகு ஒரு மாதம் போலப் பாளை கொடுக்கும். அது தேய்ந்து முடிவதற்குள் அடுத்த பாளை தயாராக இருக்க வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைபட்டுவிடும். ஆகவே பாளை சீவுகிறவருக்கு ஞாயிறு கிடையாது, போயா கிடையாது, புதுவருடம் கிடையாது. கள்ளுக்கு விட்ட மரம் காயும் தராது. மரத்துச் சொந்தக்காரர் தேங்காயின் விலையைப் பார்த்துத்தான் மரத்தைக் குத்தகைக்கு விடுவார். இதை மறந்துவிட்டு இந்தத் தொழிலின் கணக்கைப் பேச முடியாது.

பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் சீனி. பெரும்பாலும் நம் கரும்புச் சீனியின் அதே சுக்குரோசு. குடுவைக்குள் சுண்ணாம்பு பூசிவைத்தால் அது புளிக்காது. யாழ்ப்பாணத்தில் பனையிலிருந்து அப்படி இறக்குவதைத்தான் கருப்பணி என்று குடிக்கிறோம், காய்ச்சிப் பனங்கட்டி ஆக்குகிறோம். தெற்கில் சுண்ணாம்புக்குப் பதிலாக ஹல் மரத்துப் பட்டையைப் போடுகிறவர்களும் உண்டு. எதுவும் போடாவிட்டால் சொட்டத் தொடங்கிய கணத்திலேயே நொதித்தலும் தொடங்கிவிடும். ஈஸ்டை யாரும் கொண்டுவந்து போடுவதில்லை. காற்றில் இருக்கிறது, பூவில் இருக்கிறது, தேன் குடிக்க வந்து விழுகிற பூச்சியின் காலில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நேற்றைய கள்ளின் ஈரம் காயாத குடுவைக்குள் இருக்கிறது. முன்பு சுரைக்குடுக்கை, மண்முட்டி. பிறகு பிளாஸ்டிக் வந்தது. மண்முட்டியில் இறக்கிய கள்ளின் வாசனை பிளாஸ்டிக்கில் வராது என்று மாமே சொல்வார். நுண்டுளை நிறைந்த மண் சுவரில் நுண்ணுயிர்கள் தங்குவதற்கு இடம் அதிகம். ஆகவே அவர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது.

குடுவைக்குள் நடப்பது ஒரு வரிசை. முதலில் இலத்திக் அமில பற்றீரியாக்கள் கொஞ்சம் புளிப்பைக் கொடுத்து, மற்றக் கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. அடுத்து ஈஸ்ட் சீனியை மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆக்குகிறது. நுரை பொங்குவது அதனால்தான். ஒரு நாளுக்குள் மதுசாரம் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு வரை ஏறிவிடும். அதற்கு மேல் வைத்திருந்தால் அசற்றிக் அமில பற்றீரியா மதுசாரத்தை வினாகிரி ஆக்கத் தொடங்கும். நல்ல தென்னை வினாகிரிக்கு நான் எதிரி இல்லை; ஆனால் வடிசாலைக்கு அது இழப்பு. ஆகவே இந்தத் தொழிலில் எல்லாரும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். லொறி பீப்பாக்களின் மூடியை இறுக்க முடியாது. வாயு தூக்கி எறிந்துவிடும். நுரை வழிய வழியத்தான் லொறி வந்து சேரும்.

எங்கள் வாசலில் முதல் சோதனை மூக்கு. பிறகு சிறு வடிகலத்தில் ஒரு மாதிரியைக் காய்ச்சி மதுசாரத்தின் வலு, காரத்தை விட்டு அமிலத்தின் அளவு. பணம் வலுவைப் பொறுத்தது. அதனால் தண்ணீர் கலந்தவர் எவரும் இலாபம் அடைந்ததில்லை. சீனி கலந்தவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காய்ச்சி வடிப்பதைப் பற்றி வெளியார் மிகையாகக் கற்பனை செய்கிறார்கள். அடிப்படை எளிது. மதுசாரம் 78 பாகையில் கொதிக்கும், தண்ணீர் 100 பாகையில். இந்த இடைவெளியில்தான் முழுத் தொழிலும் நடக்கிறது. செம்புக் கொப்பரையில் தொகுதி தொகுதியாகக் காய்ச்சுவது பழைய முறை. கொலம் ஸ்டில் என்று நாங்கள் சொல்கிற நெடிய கோபுரத்தில் மேலிருந்து கள் இறங்க, கீழிருந்து நீராவி ஏற, இடைவிடாமல் வடிப்பது இன்னொரு முறை. ஏனியஸ் கொஃபி என்ற ஐரிஷ்காரர் 1830இல் காப்புரிமை எடுத்த வடிவம் அது. கோபுரம் தூய்மையும் வேகமும் தரும்; கொப்பரை குணம் தரும். கொப்பரையில் முதலில் வருவதைத் தலை என்போம். அசற்றல்டிகைட்டும் எதைல் அசற்றேற்றும் அதில் அதிகம். நெயில் பொலிஷ் மணக்கும். கடைசியில் வருவது வால். ஈரச் சாக்கு மணக்கும். இடையில் உள்ள நடுவைத்தான் எடுக்கிறோம். எங்கே வெட்டுவது என்பதை வெப்பமானி ஓரளவு சொல்லும்; மிச்சத்தை, குழாயடியில் நின்று உள்ளங்கையில் இரண்டு துளி வாங்கித் தேய்த்து முகர்ந்து பார்க்கிறவர் சொல்வார். செம்பு வெறும் பாத்திரமும் அல்ல. கந்தகச் சேர்வைகளைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான். துருப்பிடிக்காத உருக்கில் மட்டும் காய்ச்சினால் அவித்த கோவா நாற்றம் மிஞ்சும்.

கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நூறு லீற்றர் நல்ல கள்ளில் உள்ள தூய மதுசாரம் ஆறு லீற்றர். போத்தலில் போகிற வலுவுக்கு நீர் சேர்த்தால் பதினேழு லீற்றர் சாராயம். வடிப்பிலும் மரத்தொட்டியிலும் போகிற இழப்பைக் கழித்தால் இன்னும் குறைவு. அதாவது ஒரு 750 மில்லி லீற்றர் போத்தலுக்குப் பின்னால் ஏறக்குறைய ஐந்து லீற்றர் கள் இருக்கிறது. ஒரு தென்னை நாளொன்றுக்கு ஒரு லீற்றரோ சற்று மேலோ தரும். ஒரு மரத்தின் பல நாள் கொடை, அத்தனை நாளும் ஒருவர் உயிரைப் பணயம் வைத்துக் கயிற்றில் நடந்தது, இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு போத்தல்.

வடித்த சாராயம் கண்ணாடி போல இருக்கும், முரட்டுத்தனமாகவும் இருக்கும். அதை அடக்குவது மரம். ஹல்மில்லை என்று சிங்களத்திலும் சமண்டலை என்று நம்மவர்களிடத்திலும் வழங்குகிற மரத்தில் செய்த பெரிய தொட்டிகளில்தான் பரம்பரையாக ஊறவைக்கிறார்கள். ஒரு காலத்தில் திருகோணமலை மரம் என்ற பெயரில் சென்னைக்குக் கப்பலேறி, அங்கே அலைக்குள் போய்வருகிற மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்ட அதே மரம். நீருக்கு விரியாது, எளிதில் வெடிக்காது, கடுமையான துவர்ப்பை விடாது. ஓக் பீப்பா போல வனிலா வாசனையைக் கொட்டாது. சாராயத்துக்குத் தன் பூவாசனையோடு இருக்க இடம் கொடுக்கும். நம் வெப்பத்தில் ஊறல் வேகமாக நடக்கும், ஆவியாகப் போவதும் அதிகம். குளிர்நாட்டுக் களஞ்சியத்தில் பத்து வருடம் செய்கிற வேலையில் ஒரு நல்ல பங்கை இங்கே சில வருடங்களே செய்துவிடும். ஆனால் அந்தச் சில வருடங்களில் தொட்டியின் மட்டம் இறங்குவதைப் பார்த்தால் கணக்கருக்கு நித்திரை வராது. களஞ்சியக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி எங்களிடம், மற்றது மதுவரித் திணைக்கள அதிகாரியிடம்.

இனி என் அறை.

கலவை அறைக்கு நான் போனபோது அங்கே இருந்தவர் கொட்டாஞ்சேனைக்காரர், கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். நான் "சேர்" என்பேன், அவர் "தம்பி" என்பார். முதல் வாரம் அவர் எனக்குக் குடிக்கச் சொல்லித் தரவில்லை. குளிக்கச் சொல்லித் தந்தார். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம், தலைக்கு நல்லெண்ணெய் வேண்டாம், சந்தனம் வேண்டாம், வெற்றிலை வேண்டாம், காலையில் வெங்காயச் சம்பல் வேண்டாம். "உன் மூக்கு கொம்பனியின் சொத்து, தம்பி. வீட்டிலும் அதைக் கவனமாக வைத்திரு" என்றார். என் மனைவி அன்றிலிருந்து வேலைநாள் காலைகளில் பாணும் பருப்பும்தான் வைத்தார்.

சுவைப்பது முற்பகலில், வயிறு நிறையாமலும் வெறுமையாகாமலும் இருக்கிற நேரத்தில். வாய் ஒடுங்கிய சிறு கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் எண் மட்டும். முழு வலுவில் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். ஆகவே மதுசாரம் நூற்றுக்கு இருபது பங்காகும் வரை நீர் சேர்த்துவிடுவோம். நீர் சேர்ந்ததும் மறைந்திருந்த குற்றமெல்லாம் எழும்பி வரும். உள்ளங்கைச் சூட்டில் கிண்ணத்தை வைத்திருந்து முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, துப்பிவிட வேண்டும். குடிக்கிறவன் இந்த வேலைக்கு ஆகமாட்டான்.

தென்னஞ்சாராயத்தில் தேங்காய் மணக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. மணக்காது. தேங்காய் வாசனை காயின் கொழுப்பில் இருப்பது. பாளை நீரில் அந்தக் கொழுப்பு இல்லை. நல்ல சாராயத்தில் முதலில் வருவது பூ. விரிந்த தென்னம்பாளையைக் கோயில் வாசலில் கட்டியிருக்கும்போது வருகிற அந்தப் பச்சை வாசனை. அதற்குப் பின்னால் தேன், உலர்ந்த முந்திரிகை, பழுத்த வாழையின் தோல். வருடங்கள் ஏற ஏறப் பச்சை போய்ப் பழம் வரும்.

எந்த இரண்டு தொட்டியும் ஒன்றாக இருந்ததில்லை. தென்மேல் பருவமழைக் காலத்துக் கள் மெலிந்திருக்கும். வறட்சியில் அளவு குறையும், செறிவு கூடும். சிலாபம், மாரவில பக்கத்துக் கள்ளும் களுத்துறைக் கள்ளும் வேறு வேறு. கொப்பரையில் வடித்ததும் கோபுரத்தில் வடித்ததும் வேறு. ஆனால் கடையில் வாங்குகிறவர் போன வருடம் குடித்த அதே சுவையைத்தான் கேட்கிறார். அதைக் கொடுப்பதுதான் கலவை. ஆய்வுகூடத்தில் எஸ்தர் எவ்வளவு, உயர் மதுசாரங்கள் எவ்வளவு என்று வாயுநிறப்பகுப்பி எழுதித் தந்துவிடும். நானும் ஒரு கெமிஸ்ட் என்ற முறையில் அந்தத் தாளை மதிக்கிறேன். ஆனால் இரண்டு தொட்டிகளின் எண்கள் ஒன்றாக இருந்தும் ஒன்று உயிரோடும் மற்றது சவமாகவும் இருந்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சேர் அப்போதெல்லாம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்போது மணந்து சொல்" என்பார். நல்ல வருடத்துச் சாராயத்தில் ஒரு பங்கை எப்போதும் தொடாமல் வைத்திருப்பார். விற்பனைப் பிரிவு எவ்வளவு நெருக்கினாலும் கொடுக்கமாட்டார். மெலிந்த வருடத்தைத் தூக்கி நிறுத்துவது அந்தக் கையிருப்புத்தான்.

பரிசில் இருக்கிற என் மருமகனின் வீட்டுக்குப் போனபோது அவர் என்னை ரான்ஸ் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஷம்பேன் செய்கிற பழைய வீடுகள் அங்கேயும் எபெர்னேயிலும் இருக்கின்றன. உரோமர் காலத்தில் கல் வெட்டிய சுண்ணக்கல் குழிகளே நிலவறைகள். கோடையிலும் பத்து, பன்னிரண்டு பாகைக்கு மேல் ஏறாத குளிர். எல்லாரும் போத்தல்களைப் படம் எடுத்தார்கள். நான் வழிகாட்டிப் பெண்ணிடம் கையிருப்பு மதுவைப் பற்றிக் கேட்டேன். அவர்களும் எங்களைப் போலத்தான்: ஒவ்வொரு தோட்டத்துத் திராட்சையையும் தனித்தனியே நொதிக்கவைத்து, வசந்தம் வருவதற்குள் நிலவறைத் தலைவர் பல டசின் மதுக்களைச் சுவைத்து, பழைய வருடங்களின் கையிருப்பையும் சேர்த்து, வீட்டின் சுவையை அமைக்கிறார். நம் சேரை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தால் மொழி தெரியாமலே வேலையைத் தொடங்கியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. எங்கள் கள்ளிலிருந்து போய்விடுகிற அதே காபனீரொட்சைட்டை அவர்கள் போத்தலுக்குள் சிறைவைக்கிறார்கள். கலந்த மதுவில் லீற்றருக்கு 24 கிராம் அளவில் சீனியும் ஈஸ்டும் சேர்த்துப் போத்தலை மூடிவிட, உள்ளே இரண்டாம் முறை நொதிக்கிறது. அழுத்தம் ஆறு வளிமண்டலம் வரை ஏறும். சாதாரண ஷம்பேன் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், அதில் 12 மாதம் செத்த ஈஸ்டின் வண்டலோடு. குறித்த வருடத்தின் பெயரில் வருவது மூன்று வருடம். இது சட்டம். பிறகு அந்த வண்டலை எடுக்க வேண்டும். 1805இல் இருபத்தேழு வயதில் கணவனை இழந்து வியாபாரத்தைத் தானே ஏற்ற கிளிக்கோ அம்மையாரின் நிலவறையில்தான், துளையிட்ட பலகையில் போத்தலைக் கழுத்துக் கீழாகச் செருகி நாளும் சற்றுத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்குகிற முறை வளர்ந்தது. இன்று அதைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. கழுத்தை உறையவைத்து மூடியைத் திறந்தால் பனிக்கட்டியாகிய வண்டலை வாயுவே வெளியே தள்ளிவிடும். குறைந்த இடத்தை இனிப்புச் சேர்த்த மதுவால் நிரப்பித் தக்கை அடித்துக் கம்பி கட்டுகிறார்கள்.

அங்கே என்னை உண்மையில் நிறுத்தியவை இரண்டு. ஒன்று, திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும் என்பதும் சட்டம். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லீற்றர் சாறுக்கு மேல் பிழியக் கூடாது என்பதும் சட்டம். அதாவது தோட்டத்தில் வேலை செய்கிறவரின் கை, விதிப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இரண்டாவது, பெயர். 1936இலிருந்து சட்டக் காவலில் உள்ள பெயர் அது. மகாராட்டிரத்தின் நாராயண்காவில் 1980களில் அதே முறையில், ஷம்பேன் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு செய்த நல்ல மது ஒன்று 'ஒமர் கய்யாம்' என்ற பெயரில் வந்தது. ஷம்பேன் என்று போட முடியாது. நானும் அதையே சரி என்பேன்.

நம் சாராயத்தின் வரலாறு அதற்குச் சளைத்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை எடுத்துப் பணம் சேர்த்தவர்களின் பிள்ளைகள்தான் தோட்டம் வாங்கினார்கள், பாடசாலை கட்டினார்கள், அரசியலுக்கு வந்தார்கள். குமாரி ஜயவர்தன இதை நூலாகவே எழுதியிருக்கிறார். அதே வர்க்கத்திலிருந்து மதுவிலக்கு இயக்கமும் எழுந்தது. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம், 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம், 1992இல் தனியார்மயம் என்று சட்டமும் உடைமையும் மாறிக்கொண்டே வந்தன. வடக்கில் திக்கம் வடிசாலை பனங்கள்ளை வடித்தது. இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருந்தது கயிற்றில் நடந்த மனிதரின் கூலியும் மரியாதையும்தான். கீழ்மட்டத்திலேயே இருந்தது.

அதன் விளைவை இப்போது பார்க்கிறோம். மக்கொனை மாமேயின் மூன்று மகன்களில் ஒருவரும் கயிற்றில் ஏறவில்லை. ஒருவர் முச்சக்கரவண்டி, ஒருவர் கட்டார், ஒருவர் பேருவளை ஹோட்டலில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. விழுந்தால் முதுகெலும்பு, முதுகெலும்பு போனால் குடும்பம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் தகப்பனின் தொழிலைச் சொல்லக் கூசுகிற நிலை வேறு. தென்மாகாணத்தில் வெலிகம வாடல் நோய் மரங்களையே கொண்டுபோகிறது. தேங்காய் விலை ஏறும்போதெல்லாம் மரத்துச் சொந்தக்காரர் கள்ளை விட்டுக் காய்க்குத் திரும்புகிறார். கள் குறையக் குறைய அந்த இடைவெளியில் செயற்கைக் கள் நுழைகிறது: சீனி, தண்ணீர், ஈஸ்ட், யூரியா என்று கண்டதையும் போட்டு ஒரே இரவில் பொங்கவைத்த கரைசல். இன்னொரு பக்கம், கரும்புச் சீனித் தொழிற்சாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த வாசனையற்ற மதுசாரத்தில் கொஞ்சம் தென்னஞ்சாராயத்தைக் கலந்ததும் சாராயம் என்ற பெயரிலேயே கடைக்கு வருகிறது. கலந்து விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. கலவைக்கும் கலவையில்லாததற்கும் ஒரே பெயர் என்பதுதான் அநியாயம்.

கண்டுபிடிக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கரும்பு ஒளித்தொகுப்புச் செய்கிற வழி வேறு, தென்னை செய்கிற வழி வேறு. கரும்பின் மதுசாரத்தில் காபன் 13 சமதானியின் விகிதம் தென்னையுடையதைவிடத் தெளிவாகக் கூட இருக்கும். வடித்தாலும் மாறாது, ஊறவைத்தாலும் மாறாது, நிறம் சேர்த்தாலும் மாறாது. தேனில் சீனி கலந்ததைப் பிடிக்க உலகெங்கும் இதே சோதனையைத்தான் செய்கிறார்கள். கருவி விலை கூடியது. ஆனால் சாராயத்திலிருந்து அரசு எடுக்கிற வரியில் அது ஒரு பொருட்டல்ல.

இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுவாப்பட்டை உரிக்கிறவரின் கையும் அதனால் கொஞ்சம் மதிப்புப் பெற்றது. இலங்கைத் தென்னஞ்சாராயத்துக்கும் அப்படி ஒரு காப்பு வேண்டும். அதில் பாளையிலிருந்து இறக்கிய கள் மட்டும் என்று இருக்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் வடிக்க வேண்டும், எந்த மரத்தில் எத்தனை காலம் ஊற வேண்டும் என்று இருக்க வேண்டும். பாளை சீவுகிறவருக்குக் காப்புறுதியும், கயிறு மாற்றுகிற செலவை வடிசாலை ஏற்பதும் அதே விதிப் புத்தகத்துக்குள் வர வேண்டும். சலுகையாகக் கேட்கவில்லை. அவர் இல்லாவிட்டால் காப்பாற்றுவதற்குப் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

குடிக்காதவர்களுக்கு இதைச் சொல்லிக் குடிக்க அழைக்கமாட்டேன். வாங்குகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போத்தலைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டை வாசியுங்கள். நூறு வீதம் தென்னங்கள்ளிலிருந்து வடித்தது என்று அங்கே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் கடைக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள்.